நலம், நலமறிய ஆவல்

அன்புள்ள ஐயா,

என் தம்பி ராணுவத்தில் நாயக், அருணாச்சல எல்லையில் இருக்கிறான். கொடி நாள் விழாவில் எங்கள் எம்.பி., 'வீரர்கள் கடவுளுக்குச் சமம்' என்று பேசினார். வீரர்கள் நலனில் இவர்களுக்குச் சட்டப்படி ஏதாவது கடமை உண்டா, இல்லை பேச்சோடு சரியா? அரசியல்வாதிகளின் பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவ சேவை கொண்டுவந்தால் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடவுளுக்குச் சமம் என்றாலே உஷாராகிவிட வேண்டும். கடவுளுக்குச் சம்பளமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. கட்டாய ராணுவ சேவையை டீக்கடையிலேயே விட்டுவிடுங்கள்.

இந்த வாரம் முழுக்க அப்பாவின் பழைய இன்லேண்ட் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் முகவரி கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ., அதாவது ராணுவத் தபால் நிலையம். எந்த மலை, என்ன குளிர், ஒன்றும் தெரியாது. உள்ளே 'நலம், நலமறிய ஆவல்'. இருபத்து நான்கு வருடத்தில் ஒரு குறைகூட எழுதியதில்லை. ஓய்வுபெற்று வந்தபோது பென்ஷன் தாளில் ஹவில்தார் என்று இருக்க வேண்டிய இடத்தில் அதற்குக் கீழ்ப் பதவியான நாயக் என்று இருந்தது. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு இரண்டு வருடம் நடந்தார். சின்னப் பையன் ஒருவன் முன்னால் அட்டென்ஷனில் நிற்பார். அவன் 'அப்புறம் வாங்க' என்றதும் 'சரி சார்' என்று திரும்பிவிடுவார். "சண்டை போடத்தானே பட்டாளத்துக்குப் போனீங்க? அங்க ஒரு சண்டை போட்டுட்டு வந்தா என்ன?" என்று அம்மா கத்துவாள்.

அவரால் முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் உங்கள் எம்.பி.யின் கடமை இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. சங்கம் சேர, பத்திரிகைக்கு எழுத, 1950ஆம் வருடத்து ராணுவச் சட்டம் கட்டுப்பாடு வைக்கிறது. வேண்டியதுதான். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சங்கமும் வைத்தால் நாடு தாங்காது. ஆனால் பஸ் டிரைவருக்கும் ஆசிரியருக்கும் சங்கம் இருக்கிறது, ஜவானுக்கு இல்லை. அவன் வாயைக் கட்டியது நாடாளுமன்றம். கட்டியவர்கள்தானே அவனுக்காகப் பேசவும் வேண்டும்? இதைத் தர்மம் போடுவது மாதிரி மேடையில் பேசும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் பட்ட பாட்டைப் பாருங்கள். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் வேலை பார்த்தவர்களுக்கு, எந்த வருடம் ஓய்வுபெற்றாலும் ஒரே பென்ஷன் என்பதுதான் அது. பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2011 டிசம்பரிலேயே கொடுக்கச் சொன்னது. அறிவிப்பு வந்தது 2015 செப்டம்பரில். அதற்கும் மெடல் குத்திய கிழவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் என்று உட்கார வேண்டியிருந்தது. சுதந்திர தினத்துக்கு முதல் நாள் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திருத்துவோம் என்றார்கள். 2019 ஜூலை முதல் வர வேண்டிய திருத்தத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2022 டிசம்பரில். நிலுவையைத் தவணையில் இழுத்ததற்கு உச்ச நீதிமன்றத்தில் திட்டு வாங்கியது தனிக்கதை. எம்.பி.க்களும் 2018இல் தங்கள் சம்பளத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு உயர்வு வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தங்களுடையதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஜவானுடையது ஓர் அரசுக் கடிதத்தில் இருக்கிறது.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அந்த விழாவில் கைதட்டிவிட்டு வந்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள், எம்.பி.க்கு எழுதவில்லை. கோஷ்யாரி குழு விசாரித்ததே ஒரு மனுவை வைத்துத்தான். தம்பியிடம் கேட்டுக்கொண்டு எழுதலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். போனில் அவர் "நல்லா இருக்கேண்ணா" என்றுதான் சொல்வார்.