21 போத்தல்களும் ஒரு கடைத் தட்டும்

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நேரடி விற்பனைக் கம்பனியில் (கடை வழியாக அல்லாமல், சேர்ந்த ஆட்கள் மூலம் பொருள் விற்பது) சேர்ந்தேன். பழச்சாறும் மூலிகையும் கலந்த ஆரோக்கிய பானம். 24 போத்தல் எடுத்தால்தான் அடுத்த தரத்துக்குப் போகலாம் என்று என்னைச் சேர்த்த அக்கா சொன்னதால் மொத்தமாக எடுத்துவிட்டேன். அச்சிட்ட விலை 7,500 ரூபா. எனக்கு 6,000 ரூபா. உறவினர்கள் மூன்று வாங்கினார்கள், 21 மிச்சம். "சின்னக் கடைகளில் வை, ஓடும்" என்கிறார் அக்கா. காலி வீதியில் ஐந்து கடைகளில் ஏறி இறங்கினேன், ஒருவரும் எடுக்கவில்லை. முதலாளிமாரிடம் எப்படிப் பேசினால் எடுப்பார்கள்?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலில் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். அதில் "சில்லறை விற்பனை நிலையம்" என்ற சொல் வரும் பந்தியை வாசியுங்கள். ஆம்வே, ஹேர்பலைஃப் போன்ற பெரிய நேரடி விற்பனைக் கம்பனிகள் தங்கள் பொருளைக் கடைத் தட்டில் வைத்து விற்க விநியோகஸ்தர்களை விடுவதில்லை. உங்களுடைய கம்பனியும் அப்படியென்றால், ஐந்து முதலாளிமாரும் மறுத்தது உங்கள் நல்ல காலம். ஒருவர் எடுத்திருந்தால் உங்கள் உறுப்புரிமைக்கே ஆபத்து வந்திருக்கும். சேர்த்துவிட்ட அக்காவுக்கு இது தெரியாமல் இருக்காது.

இந்தத் தடைக்குச் சில விதிமுறைகளில் ஒரு விலக்கு உண்டு: பொருள் வாங்க அல்லாமல் சேவை பெற ஆட்கள் வருகிற இடங்கள். சலூன், அழகு நிலையம், உடற்பயிற்சி நிலையம் போன்றவை. இதைச் சொன்னவுடன் எல்லோரும் "அப்படியானால் பார்மசியில் வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வைக்க முடியாது. பார்மசி என்பது கடை. பார்மசிக்குப் பின்னால் ஒரு வைத்தியர் சனலிங் பார்க்கிறார் என்றால் அவருடைய அறை சேவை இடம், முன்னால் உள்ள தட்டு கடை. சலூனுக்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தால் சரி. அதே சலூன்காரர் வீதியைப் பார்த்துக் கண்ணாடி அலுமாரி போட்டு ஷாம்பூவும் சீப்பும் விற்கிறார் என்றால், அந்த அலுமாரி கடையாகிவிடும். உடற்பயிற்சி நிலையத்தின் வரவேற்பு மேசை பரவாயில்லை, அதன் வாசலில் உள்ள தேநீர்க் கடை கூடாது. ஆட்கள் எதற்காகப் படியேறுகிறார்கள் என்று பாருங்கள். முடி வெட்டவா, போத்தல் வாங்கவா? அப்போதும் கம்பனியிடமிருந்து எழுத்தில் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவு எழுத்து ஆகாது.

கடையில் வைக்கலாம் என்றே உங்கள் ஒப்பந்தம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கைப் பாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபா கூட்டி விற்றாலும் குற்றம், நுகர்வோர் விவகார அதிகாரசபை கடைக்காரரைத்தான் பிடிக்கும். ஆகவே கடைக்காரரின் இலாபம் உங்கள் 1,500 ரூபாவுக்குள்ளிருந்துதான் போக வேண்டும். மெதுவாக ஓடும், முன்பின் தெரியாத ஒரு பொருளுக்கு அவர் 15 வீதம் கேட்டால் அது நியாயம்தான். 7,500இல் 15 வீதம் 1,125. உங்களுக்கு மிஞ்சுவது 375 ரூபா. 21 போத்தலும் விற்றால் 7,875. முச்சக்கர வண்டியில் கொண்டுபோகும்போது ஒரு போத்தல் உடைந்தால் 6,000 போயிற்று, அதை ஈடுகட்ட வேறு 16 போத்தல்கள் விற்க வேண்டும். முச்சக்கர வண்டிக் கூலியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கை உங்களைச் சேர்த்த அக்காவிடம் காட்டினால் அவர் ஒரு வழி சொல்வார். அதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். "முதலாளியையும் உனக்குக் கீழே சேர்த்துவிடு. அவரும் 6,000 ரூபாவுக்கே எடுப்பார், உனக்குக் கொமிஷன் வரும்." கேட்க இனிக்கும். அவர் எடுப்பதோ கம்பனியிடமிருந்து புதுச் சரக்கு. உங்கள் 21 போத்தல்கள் கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடக்கும், அவருடைய தட்டில் இன்னொரு 24 சேரும். மேலே இருப்பவருக்கு, போத்தலை யாராவது குடித்தார்களா என்பது கணக்கில்லை. நீங்கள் எடுத்த அன்றே அவருடைய கொமிஷனுக்கான புள்ளிகள் ஏறிவிட்டன. இந்தச் சங்கிலியில் இதுவரை பணம் கொடுத்த வாடிக்கையாளர் நீங்கள்தான், சகோதரி.

இதில் சட்டமும் இருக்கிறது. வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. சேர்பவர்களின் எண்ணிக்கை கூடுவதாலோ அவர்கள் போடும் பணம் கூடுவதாலோதான் பங்கேற்பவர்களுக்குப் பெரும்பகுதி நன்மை வருகிறதா என்பதே அது பார்க்கிற பார்வை. தொடங்கியவர் மட்டுமல்ல, ஊக்குவித்தவரும் விளம்பரப்படுத்தியவரும் அதற்குள் அகப்படுவார்கள். மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை வெளியிடுகிறது. உங்கள் கம்பனியின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டாலும், கடைக்காரரை ஆளாகச் சேர்க்காதீர்கள். பொருள் விற்கப் போகிறவர் பொருளை மட்டும் விற்க வேண்டும்.

இனிப் போத்தலில் உள்ள எழுத்து. முன்பக்கத்தில் "பழ பானம்" என்றும், கைப்பிரசுரத்தில் "சீனி வருத்தம் குறையும், மூட்டுவலி போகும்" என்றும் இருக்கும். இது உணவா, மருந்தா? உணவென்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். ஆயுர்வேத மருந்தென்றால் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது என்றால் 2015இல் வந்த மருந்துகள் ஒழுங்குபடுத்தல் சட்டம். மூன்று கதவுகள், எந்தக் கதவைத் தட்டினாலும் "அடுத்த கதவு" என்பார்கள். ஒரு சிறு வியாபாரிக்காக ஒரு காலைப் பொழுது முழுவதும் அப்படி அலைந்து, கடைசியில் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டேன். இதற்கிடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்தால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவது கம்பனியின் மண்டபக் கூட்டத்தில் மாலை போட்டு நின்றவர் அல்ல, கல்லாவில் இருக்கும் முதலாளி. அவருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே நோயின் பெயர் சொல்லும் கைப்பிரசுரத்தைக் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம், வாயாலும் சொல்ல வேண்டாம். சீனி அளவைக் காட்டும் நிற அடையாளத்தையும் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. சிவப்பு வட்டத்தோடு ஆரோக்கிய பானம் விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சரி, பேச்சு. முற்பகல் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் போங்கள். வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள், ஜும்ஆவுக்குப் போகும் முதலாளியை வாசலில் மறிக்காதீர்கள். ஒரு கடை, நான்கு போத்தல், அதற்கு மேல் வேண்டாம். "விற்றால் பணம் தாருங்கள், ஆறு வாரத்தில் மிச்சத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். எத்தனை போத்தல், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, உங்களுக்கு வரவேண்டிய தொகை ஆகியவற்றை இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். கொட்டாஞ்சேனையில் நான் பிஸ்கட் விற்றுத் திரிந்த காலத்தில் அந்தத் துண்டு இல்லாமல் விட்ட சரக்கில் பாதியை எலி தின்றதாகவே எனக்குக் கணக்குச் சொன்னார்கள். எலிகள் பிஸ்கட் பெட்டியையும் சேர்த்துத் தின்றிருந்தன.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. நேரடி விற்பனைச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பின் நெறிமுறைப்படி, விலகும் விநியோகஸ்தர் முந்தைய 12 மாதங்களுக்குள் வாங்கிய, மீண்டும் விற்கக்கூடிய நிலையில் உள்ள சரக்கை, அவர் கேட்டால் கம்பனி திரும்ப எடுக்க வேண்டும். கழிவு 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, அந்தச் சரக்குக்காக நீங்கள் பெற்ற கொமிஷனையும் கழிப்பார்கள். உங்கள் கம்பனி அந்த நெறிமுறையை ஏற்றதா என்று கேளுங்கள். ஏற்றதென்றால் 21 போத்தலுக்கு 126,000 ரூபாவில் 113,400 ரூபா வரை கைக்கு வரலாம். கடைக்கணக்கில் கிடைக்கும் 7,875 ரூபா இலாபத்துக்காக ஆறு மாதம் அலைவதா, இதுவா என்று நீங்களே பாருங்கள். விலகிச் சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தை அக்காவின் கையில் கொடுக்காமல் கம்பனி முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். அதுவரை ருசி காட்டுவதற்காக எந்தப் போத்தலின் மூடியையும் திறக்காதீர்கள்.