மனநல ஆய்வுக்கு எல்லோரும் வர...

கேள்வி: மனச்சோர்வு பற்றிய ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறோம். படித்த, வசதியுள்ளவர்களே வருகிறார்கள். விளம்பரத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்டிப் பயனில்லை. முதலில் விலக்கு விதிகளைப் பாருங்கள். சர்க்கரை நோய் கூடாது, வேறு மாத்திரை கூடாது, எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அடுக்கினால் பலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பாதுகாப்புக்கோ முடிவின் துல்லியத்துக்கோ தேவைப்படாத விதியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கேள்வித்தாள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 மதிப்பெண். 'சில நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்' என்ற விடைகளை வாசித்துக் காட்டும்போது பதில் சொல்பவர் குழம்பலாம். நாட்காட்டியைக் காட்டிக் கேளுங்கள். 9ஆவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் உண்மை வெளிவருவது கடினம். கேள்வித்தாளின் மொழிபெயர்ப்பை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மூல மொழிக்கே திருப்பிப் பெயர்க்கட்டும். பிறகு சிலரிடம், "இதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பிழை அங்கேதான் பிடிபடும்.

இதுவரை ஆய்வுக்கு வராத சமூகத்தவரை ஆய்வுத் திட்டம் முடிவாகும் முன்பே அழையுங்கள், அவர்கள் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். எல்லாம் முடிந்தபின் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது அவமதிப்பு.

கேள்வி: பங்கேற்பவருக்குப் பணம் கொடுத்தால் ஆசை காட்டியதாகாதா?

பதில்: பயணச் செலவும் இழந்த கூலியும் ஆசை காட்டுதல் அல்ல. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு ஒவ்வொரு வருகையின்போதும் கொடுத்துவிடுங்கள். கடைசி வரை நிறுத்திவைத்தால், விலக நினைப்பவரும் பணத்துக்காக இருந்துவிடுவார்.