கடல் பாக்டீரியா படிக்க ஆசை, வேதியியல் மட்டும் வேண்டாமாம்

வணக்கம் சார். பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், கடலில் கிடக்கும் நச்சுப் பொருட்களைச் சிதைக்கும் பாக்டீரியா பற்றிப் படித்துவிட்டு, கடல் உயிரித் தொழில்நுட்பத்தில்தான் பட்டம் வேண்டும் என்று நிற்பதாக எழுதியிருந்தீர்கள். வேலை கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. அதற்கு முன், "கெமிஸ்ட்ரியிலிருந்து தப்பிக்கத்தான் இதைக் கேட்கிறாளோ" என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும்.

டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி என்ற ரசாயனம் போன்றவை எளிதில் அழியாததற்கு முக்கியக் காரணம், அவற்றில் கார்பனும் குளோரினும் பிணைந்திருக்கும் விதம். அந்தப் பிணைப்பை அறுப்பதுதான் இந்த பாக்டீரியாக்களின் நொதிகள் செய்யும் வேலை. கடலில் இந்தத் திறமை இருப்பதில் வியப்பில்லை. கடல்நீரில் குளோரைடும் புரோமைடும் தாராளம். கடற்பாசிகளும் கடற்பஞ்சுகளும் தாமே, குளோரினைப் போன்ற புரோமினின் சேர்மங்களை உண்டாக்குகின்றன. மனிதன் கழிவு கொட்டுவதற்கு முன்பே அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அங்கே இருந்தன.

ஒரு நல்ல உதாரணம், பசிபிக் ஆழ்கடல் படிவிலிருந்து பிரித்தெடுத்த நைட்ராட்டிரெடக்டர் பசிஃபிகஸ் என்ற பாக்டீரியா. புரோமினை அகற்றும் அதன் நொதி ஒன்றின் அமைப்பை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் லேஸ் குழுவினர் 2014இல் வெளியிட்டார்கள். நொதியின் நடுவே வைட்டமின் பி12 வகை மூலக்கூறு. அதிலுள்ள கோபால்ட் அணு நேரடியாகப் புரோமினைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இதற்காக மரபணுவை வேறொரு பாக்டீரியாவில் ஏற்றி, புரதத்தைப் பிரித்து, படிகமாக்கி, எக்ஸ்ரே செலுத்திப் பார்த்தார்கள். கடல் பாக்டீரியா ஆய்வு என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கப்பல் பயணம் கொஞ்சம், வேதியியல் நிறைய.

அதனால் இளநிலையில் நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ எடுக்கட்டும். கூடவே வேதியியல் துணைப்பாடமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாடப்பிரிவின் பெயர் நவீனமாக இருந்தால் சில கல்லூரிகளில் கட்டணமும் நவீனமாகிவிடும், ஜாக்கிரதை. கடல் பக்கம் திரும்புவதை எம்.எஸ்சி.யில் வைத்துக்கொள்ளலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மையம் இருக்கிறது, கோவாப் பல்கலைக்கழகமும் கொச்சிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. உயிரித் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்புகளுக்கான ஜிஏடி-பி என்ற நுழைவுத் தேர்வு பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

இனி வேலை. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாடு, உணவுப் பரிசோதனைக்கூடம், தண்ணீர் மற்றும் கழிவுநீர் ஆய்வகம், இவைதான் பெரும்பாலும். ஆரம்பச் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். அவள் கனவு காணும் வேலை கோவா தேசியக் கடலாய்வு நிறுவனம், சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் இருக்கிறது. விஞ்ஞானி நிலைக்குப் போக நடைமுறையில் முனைவர் பட்டம் தேவைப்படும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும், அதுவரை வீட்டுச் செலவுதான். மூன்றே வருடத்தில் அவள் சம்பளம் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் அதை அவளிடம் மறைக்காதீர்கள்.

சரி, அவளுக்கு உண்மையிலேயே வேதியியல் பிடிக்காதா, அல்லது டியூஷனில் சொல்லிக்கொடுத்த விதம் பிடிக்கவில்லையா? பாடப்புத்தகத்தில் ஹாலோ ஆல்கேன் (கார்பனோடு குளோரின், புரோமின் போன்றவை சேர்ந்த சேர்மங்கள்) பாடத்தை எடுத்து, ஒன்று தாக்க மற்றொன்று வெளியேறும் எஸ்என்2 வினையை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். ஹாலோ ஆல்கேன் டிஹாலஜனேஸ் என்ற நொதியும் அதே வினையைத்தான் செய்கிறது: ஆஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் கார்பனைத் தாக்கும், குளோரின் வெளியேறும், பிறகு தண்ணீர் வந்து மிச்சத்தை ஆல்கஹாலாக விடுவிக்கும். இதைப் பாக்டீரியாவோடு சேர்த்துப் படித்த பிறகும் அலுப்பாக இருக்கிறது என்றால் மீன்வளம், கடல் சூழலியல் என்று வேறு வழிகள் உண்டு, அவற்றைப் பேசலாம். விண்ணப்பம் போடுவதற்கு முன் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.