தின்ற சோறு எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனால் உடம்பில் ஒட்டவே இல்லை. ஒரு வருஷத்தில் இரண்டு கிலோகூட ஏறவில்லை. "தின்ற சோறெல்லாம் எங்கேதான் போகுது?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். ஞாபகசக்தி டானிக் வாங்கிக் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?

ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள சகோதரி,

தலைக்குப் போகிறது. அதுவும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக.

2014ல் அமெரிக்க மானுடவியலாளர் கிறிஸ்டோபர் குசாவாவும் அவர் குழுவினரும் மூளை ஸ்கேன்களை வைத்து இதைக் கணக்கிட்டார்கள். ஐந்து வயதை ஒட்டி, ஒரு நாளைக்குத் தேவைப்படும் சக்தியில் ஏறக்குறைய 43 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. உடம்பு மிக மெதுவாக வளர்வதும் அந்த வயதில்தான். பெரியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பதில் மூளையின் பங்கு 20 சதவீதம்.

இவ்வளவு எதற்கு என்றால், ஆறு வயதுக்குள் மூளை முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. உள்ளே நரம்பு இணைப்புகளோ தேவைக்கு மேல் கிளைத்துக் கிடக்கின்றன. நரம்பணு ஒவ்வொன்றும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பையன் தூங்கும்போதும் இந்த வேலை நிற்காது. நான் இருப்பது ஏற்காட்டில். இங்கே காபித் தோட்டங்களில் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்வார்கள். மூளையும் அப்படித்தான், புழங்காத இணைப்புகளை வெட்டிவிட்டு, புழங்குவதை உரமேற்றுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் இது இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. கவாத்துக்கு முன்னால் செடி அடர்ந்து நிற்குமே, உங்கள் மகன் இப்போது அந்தப் பருவத்தில் இருக்கிறான். எனக்கு இதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

சரி, டானிக். வேண்டாம் அம்மா. அந்தக் காசுக்கு முட்டையும் நிலக்கடலையும் வாங்குங்கள். நம்ம ஊர் ஜவ்வரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது குளுக்கோஸாகி மூளைக்கு எரிபொருளாகும், ஆனால் மூளையைக் கட்டுவதற்குப் புரதம், கொழுப்பு, இரும்பு, அயோடின் எல்லாம் வேண்டும். ஆகவே பருப்பு, கீரை, கேழ்வரகு, அயோடின் உப்பு. காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூளையில் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது, இரத்தத்தில் வருவதை வைத்துத்தான் ஓட்டுகிறது. அரசுப் பள்ளிகளில் 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும் உயரமும் குறித்து வையுங்கள். எடை குறைந்தாலோ, பையன் வெளிறித் தெரிந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள். அப்புறம், அவனை யாரும் 'ஒல்லிப்பிச்சான்' என்று கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்டது நல்ல கேள்வி.