வினாத்தாள் எண்ணிக்கையில் இல்லை விஷயம்

பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்களையும் மகன் செய்து முடித்துவிட்டார், ஆனாலும் இலங்கை உயர்தரப் பரீட்சையின் இரசாயனவியல் பாடத்தில் புள்ளி ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. செய்த தாள்களை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பிழைத்த வினாவுக்குப் பக்கத்தில் சரியான விடை இலக்கம் மட்டும் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தால், கோளாறு அங்கேதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 25.00 கன சென்ரிமீற்றர் ஒட்சலேற்றுக் கரைசலை அமில ஊடகத்தில் நியமிக்க (தாக்கம் முடியும் வரை மற்றக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளக்க), கன டெசிமீற்றருக்கு 0.02 மூல் செறிவுள்ள பரமங்கனேற்று 20.00 கன சென்ரிமீற்றர் செலவாகிறது. பரமங்கனேற்று 0.0004 மூல். இரண்டு பரமங்கனேற்றுக்கு ஐந்து ஒட்சலேற்று என்பதால் ஒட்சலேற்று 0.001 மூல், செறிவு 0.04. விகிதத்தை மறந்தவருக்கு 0.016 வரும், தலைகீழாகப் போட்டவருக்கு 0.0064. வினா தயாரிப்பவர் இந்த இரண்டையும் தெரிவுகளில் வைத்துவிடுவார். தன் விடை தெரிவில் இருப்பதைக் கண்டதும் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. ஆகவே பிழைக் கொப்பியில் "விடை 0.04" என்று எழுதிப் பயனில்லை, "சமன்பாட்டைச் சமன்படுத்தாமல் ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்தேன்" என்று எழுத வேண்டும். பத்து நாள் கழித்து அதே வினாவை வெறுந்தாளில் மீண்டும் செய்யட்டும்.

பரீட்சையில் கணிகருவிக்கு அனுமதி இல்லை. வீட்டில் கைபேசியில் பெருக்கிப் பழகியவர் மண்டபத்தில் திணறுவார்.

பகுதி ஒன்றில் 50 பல்தேர்வு வினாவுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். 31 முதல் 40 வரை, ஏ, பி, சி, டி என்ற நான்கில் எவை சரி என்று பார்த்து, அதற்குரிய விடை இலக்கத்தை 1 முதல் 5க்குள் தெரிய வேண்டும்; இங்கே இரசாயனம் தெரிந்தும் புள்ளி போகும். ஏ, டி இரண்டு மட்டும் சரியென்றால் விடை 4. ஏ, சி இரண்டு மட்டும் சரியென்றால் 5. ஒன்று மட்டும் சரியென்றாலும் 5தான். 41 முதல் ஒவ்வொரு வினாவிலும் இரண்டு கூற்றுகள்; இரண்டும் உண்மையா, இரண்டாவது முதலாவதற்குக் காரணமா என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு: நைதரசனின் முதலாம் அயனாக்கற் சக்தி ஒட்சிசனிலும் கூடியது. ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை நைதரசனிலும் கூடியது. இரண்டும் உண்மை, ஆனால் இரண்டாவது முதலாவதற்குக் காரணமல்ல. "ஏனென்றால்" போட்டு வாசித்துப் பார்த்தால் பிடிபடும்.

பகுதி இரண்டில் அமைப்புக் கட்டுரை நான்குக்கும் தலா 100 புள்ளி, கட்டுரை நான்குக்கும் தலா 150. மூன்று மணித்தியாலத்தைப் புள்ளிப்படி பிரித்தால் 18 நிமிடமும் 27 நிமிடமும் வரும். மணிக்கூடு வைத்து, முழுத்தாளாக, ஒரே அமர்வில் செய்யட்டும். புள்ளித்திட்டத்தை முடித்த பிறகே திறக்க வேண்டும். பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் எல்லாம் தெரிந்ததுபோலத்தான் இருக்கும். திருத்தும்போது அலகும் பௌதிக நிலையும் (திண்மமா, திரவமா, வாயுவா என்ற குறிப்பு) விடுபட்ட இடங்களை வட்டமிடுங்கள். இதைச் செய்ய நீங்கள் இரசாயனம் படித்திருக்கத் தேவையில்லை.

மூதூரிலிருந்து திருகோணமலை நகரத்து ரியூசனுக்கு வரும் பஸ் நேரத்தில் தாள் செய்யச் சொல்லாதீர்கள். சேதனத் தாக்கங்களுக்கு (காபன் சேர்வைகளின் தாக்கங்களுக்கு) வேண்டிய சோதனைப்பொருளையும் நிபந்தனையையும் மனதில் ஓட்டிப் பார்க்க அந்த நேரம் போதும். கிழமைக்கு ஒரு முழுத்தாள், மறுநாள் முழுக்கத் திருத்தம்: அடுத்த இரண்டு மாதத்துக்கு இதற்கு மேல் புதிய தாள் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.