பதில்: நைஜீரியப் படக் கட்டுரையின் வரைவு ஏன் திரும்பி வந்தது?

வணக்கம். ஆங்கில விக்கிப்பீடியாவில் உங்கள் வரைவு ‘குறிப்பிடத்தக்கமை இல்லை’ (தனிக் கட்டுரைக்குத் தேவையான சுயாதீனச் சான்றுகள் இல்லை) என்று மறுக்கப்பட்டது படத்தால் அல்ல, சான்றுகளால். நீங்கள் கொடுத்தவற்றில் ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளம் பயனர்கள் நிரப்புவது. யூடியூப் முன்னோட்டமும் தயாரிப்பாளர் பேட்டியும் படக்குழுவின் சொந்தக் குரல்.

படக்குழுவைச் சாராத முழுநீள விமர்சனங்கள் குறைந்தது இரண்டு வேண்டும். பஞ்ச், வான்கார்ட், பிரீமியம் டைம்ஸ் ஆகிய நைஜீரியச் செய்தித்தளங்களில் படப்பெயரோடு இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே வாசகம் மூன்று நாளிதழ்களில் வந்திருந்தால் அது பெரும்பாலும் படக்குழு அனுப்பிய செய்திக்குறிப்பு. மூன்றையும் அடுக்கினாலும் ஒரு சுயாதீனச் சான்று ஆகாது. எழுதியவர் பெயர் இருக்கிறதா, படத்தின் குறைகளையும் பேசுகிறதா என்று பாருங்கள். கிடைத்த பக்கத்தை அப்போதே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்துவிடுங்கள். செய்தித்தள இணைப்புகள் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

புர்கினா ஃபாசோ தலைநகர் வாகடூகுவின் ஃபெஸ்பாகோ போன்ற பெரிய திரைப்பட விழாவில் பரிசு வென்றிருந்தால் பிரிவையும் ஆண்டையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வெறும் பரிந்துரைக்கு அந்த எடை இல்லை.

திருத்தாமல் மறுபடி சமர்ப்பிக்காதீர்கள். ஆறு மாதம் தொடாமல் கிடந்தால் வரைவு நீக்கப்படலாம். விமர்சனம் ஒன்றுதான் அகப்பட்டதென்றால், இயக்குநர் கட்டுரையின் படப்பட்டியலில் சேர்த்து, விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் இயக்குநர், நாடு, மொழி, வெளியான ஆண்டு ஆகியவற்றோடு உருப்படி தொடங்குங்கள். மொழியைக் கவனமாகக் குறியுங்கள்: ஹவுசா மொழிப் படமென்றால் அது பெரும்பாலும் வட நைஜீரியாவின் கானோ நகரை மையமாகக் கொண்ட கன்னிவுட் திரையுலகைச் சேர்ந்தது.