தமிழ்நாட்டு ஹோட்டல் வேலைக்கு நம் பிள்ளைகள் வருவதில்லையா?

"தமிழ்நாட்டில் ஹோட்டல், லாட்ஜ் வேலைகள் எல்லாம் வட மாநிலத்தவர் கைக்குப் போய்விட்டன, நம் பிள்ளைகளுக்கு உடம்பு வளைவதில்லை, இந்த நிலையில் மகனை ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்த மகனைப் பற்றிய கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். தாராளமாகப் படிக்க வைக்கலாம். ஆனால் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன அந்தப் பழியை என்னால் ஏற்க முடியாது.

மதுரையில் ரூம் பாயாகச் சேர்ந்து ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஆனவன் நான். விருந்தினர் காலி செய்த அறையை அடுத்தவருக்குத் தயாராக்குவது என்றால், விரிப்பை உருவி, கனமான மெத்தையின் மூலைகளைத் தூக்கிப் புது விரிப்பைச் சுருக்கமில்லாமல் செருகி, குளியலறைக் கண்ணாடியில் நீர்த்துளியின் தடம்கூட இல்லாமல் துடைத்து, அரை மணி நேரத்தில் அறையை ஒப்படைக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் 14 அறைகள் என்பது சாதாரணம். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் அதற்குக் கணக்கே கிடையாது.

இந்த வேலையை என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞன் ஒருவன் அத்தனை பேரையும் விட வேகமானவன், சுத்தமானவன். விருந்தினரை வரவேற்கும் ஃபிரன்ட் ஆபீஸ் பிரிவுக்கு மாற வேண்டும் என்று ஆங்கிலம் பேசப் பழகிக்கொண்டிருந்தான். அங்கே இடம் காலியானபோது அவனுக்காக நான் நிர்வாகத்திடம் பேசினேன். "அவன் நம்முடைய ஆள் இல்லை, ஏஜென்சி ஆள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தினமும் எங்கள் சீருடையில் எங்கள் அறைகளைச் சுத்தம் செய்தவன், சம்பளப் பட்டியலில் மட்டும் அந்நியன்; ஹோட்டல்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஊழியன். அவன் மாலத்தீவு ரிசார்ட் ஒன்றுக்குப் போய்விட்டான். அவனுடைய இடத்துக்கு அதே ஏஜென்சி ஒடிசாவிலிருந்து ஒருவரை அனுப்பியது. பிறகு நடந்த கூட்டத்தில், உள்ளூர்ப் பையன்கள் நிலைத்து நிற்பதில்லை என்று அதே நிர்வாகம் வருத்தப்பட்டது!

வட மாநிலத் தொழிலாளர்கள் மீது நான் குறை சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். ஹோட்டல் தரும் அறையிலேயே தங்கி, ஊரில் நல்லது கெட்டது எதற்கும் போக முடியாமல், கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து வருகிறவர்கள் அவர்கள். அப்படி வீடு வாசல் இல்லாதவனைப் போல உழைக்கும் ஆளைத்தான் முதலாளி தேடுகிறார். காலையில் நான்கு மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம் என்று பிரேக் டூட்டி போட்டால், உள்ளூரில் குடும்பத்தோடு இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்?

சிறிய லாட்ஜ் நடத்துபவரின் கஷ்டமும் எனக்குத் தெரியும். 2020 ஊரடங்கில் வேலையை விட்டுப் போன அனுபவசாலிகள் பலர் திரும்பவே இல்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்சிகள் வேரூன்றின. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்து, உள்ளீட்டு வரிக் கழிவும் (ஹோட்டல் வாங்கும் பொருள், சேவைகளுக்குக் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) நீங்கிவிட்டது. ஏஜென்சி பில்லில் வரும் 18 சதவீத வரியை இத்தகைய அறைகளின் கணக்கில் இனி கழித்துக்கொள்ள முடியாது. நேரடி ஊழியரின் சம்பளத்துக்கு இந்த வரி கிடையாது. ஆகவே நேரடியாக ஆள் எடுப்பதே முதலாளிக்கும் லாபம் என்பது என் கருத்து.

தனியார் கேட்டரிங் கல்லூரிகள் சிலவற்றின் மீதுதான் எனக்குத் தீராத ஆதங்கம். கல்விக் கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, பயிற்சி என்ற பெயரில் மாணவர்களை மாதக்கணக்கில் ஹோட்டல்களுக்கு அனுப்புகிறார்கள். சொற்ப உதவித்தொகைக்கு ஊழியர் செய்யும் முழு வேலையையும் அவர்கள் செய்கிறார்கள். பேன்கெட் ஹாலில் (விருந்துக் கூடத்தில்) தட்டு எடுப்பதைத் தவிர வேறெதுவும் கற்காமல் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாணவர்கள் இருக்கும்வரை அங்கே புதிய ஊழியரை எடுக்க வேண்டிய தேவையும் வருவதில்லை.

எனவே முதலில் சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனத்துக்கும் திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில அரசின் நிறுவனத்துக்கும் முயற்சி செய்யுங்கள். பிறகு வேலையில் சேரும்போது, பணி ஆணையில் ஹோட்டலின் பெயர் இருக்கிறதா, ஏஜென்சியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) இல்லை என்றாலோ, மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் பேசிவிட்டு இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பற்றி மழுப்பினாலோ, அங்கே சேர்க்காதீர்கள். வார விடுமுறை எந்த நாள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.